மாமனாருக்குப் போன பொங்கல் வாழ்த்து

என் கணவர் மணலில் குப்புறப் படுத்திருந்தார். நீந்திக் களைத்தவர்கள் கடற்கரையில் அப்படிப் படுப்பதுண்டு. இவருக்கு நீச்சல் தெரியாது. இவர் வயிற்றுக்கு அடியில் காகிதம் இருந்தது.

"நீ ஒட்டு. நான் பறக்காம புடிச்சிக்கிறேன்" என்றார், தலையைத் தூக்காமலே.

"வயித்துக்கு அடியில இருக்குற பேப்பர்ல நான் எப்படிங்க ஒட்டுறது?"

"ஒண்ணு ஒண்ணா உருவித் தரேன். அவசரப்படாத."

நோணாங்குப்பத்தில் படகேறி பாரடைஸ் பீச்சுக்கு வருகிறவர்கள் அலையில் கால் நனைப்பார்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் ஒரு டப்பா மைதாப் பசை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா டப்பா சகிதம் போயிருந்தோம். பொங்கல் நெருங்கிய நேரம். காற்று எங்கள் மேல் ஏதோ பழைய பகை இருப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

நான் மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். கடற்கரைக்குப் பட்டா என்று கேட்காதீர்கள். கல்யாணம் ஆன பிறகு நாங்கள் இருவர் மட்டும் வெளியே போனது அதுதான் முதல் தடவை. பட்டுதான் கட்டுவேன் என்று அடம்பிடித்தேன். படகில் ஏறும்போது அதற்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். கண்ணாடி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பசையில் மணல் விழுந்துகொண்டே இருந்தது. முதல் வாழ்த்து அட்டையை ஒட்டி முடித்தபோது அது அசல் உப்புத்தாளாகவே ஆகியிருந்தது. பொங்கல் பானையைத் தடவினால் கை சிராய்க்கும்.

"நல்லாத்தான் இருக்குது. ஊட்டுல கரிச்சட்டி தேய்க்கலாம்" என்றார்.

வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணமாகி ஏழெட்டு மாதத்தில் அவர் எதிரில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டில் சிரிக்க இடம் எங்கே இருந்தது?

தூங்கிப் போன தீபாவளி

போன வாரம் இந்தப் பத்தியில் மாமியாரின் மீன் குழம்பைப் பற்றி நான் எழுதியதை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். "நான் எப்பம்மா உப்பை அள்ளிக் கொட்டுனேன்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகவே இந்த வாரம் பொய் எழுத வழியில்லை. நடந்ததற்கெல்லாம் சாட்சி வீட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில், மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். என் மாமனார் அந்த மில்லில் வேலை பார்த்தவர். நான் மருமகளாக வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் சேகருக்கு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருவார். மெஷின் சத்தம் காதுக்குள்ளேயே நிற்கிறது என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பார். அப்புறம் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குச் சம்பந்தமில்லை.

எனக்குத் திருக்கனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொல்லை கொஞ்சம் உண்டு, மூக்குக்கு மேல் கோபமும் உண்டு. எந்த வருஷமும் பொய்க்காமல் விளைந்தது இரண்டாவதுதான்.

தலைதீபாவளிக்கு எங்களை அழைக்க அப்பா வந்தார். தோளில் புதுத்துண்டு, கையில் முறுக்குப் பை. மாமியார் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமாப்பா?" என்றேன்.

"வாணாம். மாப்ள தானா எழுந்து வரட்டும்."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். டீ குடித்தார். தொண்டையைச் செருமினார். என் தம்பியைப் பற்றி, மாட்டைப் பற்றி, மழையைப் பற்றிச் சத்தமாகப் பேசினார். இரண்டாவது டீயும் ஆறிப்போனது. உள்ளே குறட்டை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து துண்டை உதறினார்.

"இவ்ளோ சத்தத்துக்கு ஒரு மனுஷன் எழுந்திருக்க மாட்டானா? ஊடு தேடி வந்த மாமனாரை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. இனிமே அவரா கூப்புடாம நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மதியம் எழுந்த இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதறுவார் என்று பார்த்தேன். "எழுப்பாம போனது யாரு தப்பு? தூங்குறவன் எப்படி வாங்கன்னு சொல்லுவான்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மாமனாரிடம் நியாயம் பேசி ஜெயித்த மாப்பிள்ளை எந்த ஊரிலும் கிடையாது.

"முறையா கூப்புடாத ஊட்டுக்கு எப்படிப் போறது?" என்று தலைதீபாவளிக்கும் இவர் கிளம்பவில்லை. இவர் இல்லாமல் நான் எப்படிப் போவது? அப்பா கொண்டுவந்த முறுக்கை மட்டும் இவர் ஒன்று விடாமல் தின்றார். அதில் கோபம் காட்டவில்லை.

இப்போது தலைப்பொங்கல் வந்துகொண்டிருந்தது. புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து என்று பெண் வீட்டார் வரிசை கொண்டுவர வேண்டும். அதற்கும் அப்பா வராவிட்டால் சண்டை காய்த்துப்போய்விடும். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வார்த்தைக்காகப் பிரிந்து, பேரப்பிள்ளைகள் கல்யாணத்தில்கூட எதிரெதிர்ப் பந்தியில் முகம் திருப்பி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரிசை எனக்குப் பெரிதில்லை. அப்பா முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

துணைக்கு யாரும் வராத காரியம்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி தனியாக வெளியே போவது சுலபமில்லை. யாரும் தடுக்க மாட்டார்கள். கூட வந்துவிடுவார்கள். பீச்சுக்கு என்றால் மாமியாரின் முட்டிவலிக்குக் கடல்காற்று நல்லது. மார்க்கெட்டுக்கு என்றால் நாத்தனாருக்கு வளையல் வாங்க வேண்டும். ஒருமுறை சினிமாவுக்குப் போனோம். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, படம் முடியும்வரை மாமியார் அவித்த மல்லாட்டை உரித்துத் தின்றார்.

அப்போதுதான் வாழ்த்து அட்டை யோசனை வந்தது. இவருடைய கம்பெனியில் சூப்பர்வைசர் முதல் வாட்ச்மேன் வரை பொங்கலுக்கு வாழ்த்து கொடுத்துக்கொள்வார்கள். கடையில் விற்பதெல்லாம் ஒரே அச்சு: ஒரு சூரியன், ஒரு பானை, இரண்டு கரும்பு. நானோ பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கு சோப்புப் பெட்டி பரிசு வாங்கியவள். நாமே செய்தால் என்ன என்றேன்.

"கார்டு செய்யறதுக்குப் பேப்பர் வாங்கப் போறோம் அத்தை."

"கார்டுதான் கடையில விக்குதே?"

"இது நாமளே கையால செய்யறது."

"காசு குடுத்தா கெடைக்குறத எதுக்குடி கஷ்டப்பட்டு செய்யணும்?" என்றார் மாமியார். நாத்தனாரும் அம்மாவை ஆமோதித்தாள். இந்த வீண் வேலைக்குத் துணை வர ஒருத்தரும் தயாராக இல்லை. டிவிஎஸ் 50-ஐக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் இவர் ஒரு விசில் அடித்தார் பாருங்கள், எனக்கே வெட்கமாகிவிட்டது.

என் மனதில் வேறு ஒரு கணக்கும் ஓடியது. பத்துப் பேருக்குச் செய்கிறவர் பதினோராவதாகத் தன் மாமனாருக்கு ஒன்று செய்ய மாட்டாரா?

முதலில் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் இருந்த கைக்காகிதக் கடைக்குப் போனோம். பூவிதழ், வைக்கோல், இலை நரம்பெல்லாம் உள்ளே தெரியும்படி செய்த காகிதம்.

"இன்னாது இது, வைக்கோலெல்லாம் கெடக்குது? மாட்டுக்குப் போட்டது மிச்சமா?" என்று இவர் என் காதைக் கடித்தார். மெதுவாகப் பேசுவதாக நினைப்பு.

"அதுதான் சார் இதுல அழகே" என்றாள் கடைப்பெண்.

அங்கே ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொரு தாளையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை குறையக் கூடாது என்று இவரும் ஒரு தாளை எடுத்து ஆழமாக முகர்ந்தார். அடுத்த நொடி தொடர்ந்து தும்மினார். வெள்ளைக்காரர் ஏதோ பிரெஞ்சில் வாழ்த்தினார். இவர் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டே, வெட்டித் தள்ளிய ஓரத் துண்டுகளாகப் பார்த்து எடைக்கு வாங்கினார். அது கட்டுபடியாயிற்று.

காற்றும் காக்கையும்

வெயில் ஏற ஏறக் காற்று கொஞ்சம் தணிந்தது. இவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பசை. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு வேலை சூடு பிடித்தது. உடைந்த கிளிஞ்சலைக் கவிழ்த்து ஒட்டினால் உதிக்கிற சூரியன். பழுப்புக் காகிதத்தில் வெட்டினால் பானை. காகிதத்தில் இருந்த வைக்கோலையே உருவிக் கணு வரைந்தால் கரும்பு. இவர் கிளிஞ்சல் பொறுக்கி வருவார், நான் ஒட்டுவேன். நாங்கள் அட்டையில் மும்முரமாக இருந்தபோது ஒரு காக்கை எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பசியோடு வேலை செய்தோம். அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் ஒண்ணு நல்லதா செய்யலாம். எங்கப்பாவுக்கு."

கிளிஞ்சல் பொறுக்கிய கை நின்றது. "செய்யி. நான் வாணாம்னா சொன்னேன்?"

"நான் செய்யறேன். நீங்க எழுதணும். பொங்கலுக்கு வாங்கன்னு நாலு வார்த்தை."

"உங்கப்பா அன்னிக்கு என்னை ஒரு தட்டு தட்டி எழுப்பியிருந்தா இந்தக் கதையே கெடையாது."

"நாலு வார்த்தை எழுதினா கை தேஞ்சிடுமா?"

"கை தேயாது. தப்பு என்னுதுன்னு ஆயிடும்."

"ஆனா ஆவட்டுமே!"

"ஏன் ஆவணும்?"

இப்படிப் பேச்சு வளர்ந்தால் பொழுது போதாது. நான் எழுந்து அலையை நோக்கி நடந்தேன். பட்டுப்புடவை முழங்கால் வரை நனைந்தது. அழுகை வந்தது. அப்பா மேல் கோபம், இவர் மேல் கோபம், அந்தக் காக்கை மேலும் கோபம். இரண்டு ஆண்கள் வீம்பு பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் நான் மட்டும் ஏன் நனைய வேண்டும்?

திரும்பும் படகில் இருவரும் எதிரெதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். காகிதக் கட்டு இவர் மடியில் இருந்தது. படகு ஒரு திருப்பத்தில் ஆடியபோது கட்டு நழுவிக் கீழே விழுந்தது. படகின் அடியில் டீசல் எண்ணெய் கலந்த கருப்புத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாத் தாளுக்கும் ஒரு மூலை மட்டும் கருப்பாக ஊறியிருந்தது.

வீட்டுக்கு வந்து, செய்து முடித்த அட்டைகளின் கறையை நான் கத்தரித்தேன். நேராக வெட்டுகிறேன் என்று நாலு பக்கமும் வெட்டி வெட்டி, கடைசியில் அவை தீப்பெட்டிக்கு அண்ணன் போல ஆயின. கம்பெனியில் சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கூப்பன் நம்பர் எங்கப்பா?" என்று கேட்டாராம்.

அப்பாவுக்கு நான் அட்டை செய்யவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

கறையும் டிசைனும்

எனக்குத் தெரியாமல் நடந்தது இது. மறுநாள் நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது, இவர் மொட்டைமாடியில் உட்கார்ந்து மிச்சக் காகிதத்தில் மாமனாருக்கு வாழ்த்து செய்திருக்கிறார். அலையில் நான் நின்று அழுததை ஓரக்கண்ணால் பார்த்தாராம். அந்தப் பார்வையை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? ஆண்பிள்ளை, சொல்ல மாட்டார்.

வாழ்த்து நன்றாக அமைந்துவிட்டது. அதே காகிதத்தில் உறையும் மடித்தார். உறையின் மூலையில் எண்ணெய்க் கறை. வெட்டினால் உறை பிரிந்துவிடும். வேறு காகிதம் இல்லை. யோசித்திருக்கிறார். ஒரு மூலை கருப்பாக இருந்தால் அது கறை. நாலு மூலையும் கருப்பாக இருந்தால் அது டிசைன். கம்பெனியில் அட்டைப்பெட்டி மேல் எழுதுகிற கருப்பு மார்க்கரை எடுத்து நாலு மூலைக்கும் பட்டையாகத் தீட்டி, ஷிப்டுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மூலையில் கருப்பு தடவி வருவது கருமாதிக் காகிதம் ஒன்றுதான். அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வெளியிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டுக் கை கால் கழுவுவார்கள். இது இவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். இவருடைய சொந்தம் மொத்தமும் மில்லைச் சுற்றி இரண்டு தெருவுக்குள் அடக்கம். யாராவது இறந்தால் சங்கு சத்தம் கேட்டு, செருப்புப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சாவைத் தபாலில் வாங்கிய அனுபவமே அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிற்பாடு விஷயத்தைக் கேள்விப்பட்டு, "பிரான்சுலயும் கருப்புக் கரை போட்டா சாவுதான்" என்றார். ஆக, இரண்டு தேசத்துக்கும் தெரிந்த சங்கதி என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தத் தெருவில் எங்களுக்கு அவசரத்துக்கு இருந்த ஃபோனும் சொல்தா வீட்டு ஃபோன்தான். எங்கோ பள்ளம் தோண்டினார்கள் என்று அது அந்த வாரம் வேலை செய்யவில்லை.

வெள்ளையடித்த நாள்

போகிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெஞ்சு, கட்டில், பீரோ, அண்டா, குண்டா எல்லாம் தெருவில் கிடந்தன. மாமியார் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பித்தளைச் சாமான் துலக்கிக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டார். நான் ஸ்டூல் மேல் நின்று சுண்ணாம்பு அடித்தேன். சுவரில் அடித்ததில் பாதி என் முகத்தில் இருந்தது.

இரவு ஷிப்ட் முடித்து வந்த இவர், இடம் இல்லை என்று சொல்லியும் கேட்காமல் காலியான கூடத்தின் நடுவில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். வழக்கம்போல் காதில் பஞ்சு. சுண்ணாம்பு சொட்டக் கூடாதே என்று ஒரு பழைய வெள்ளை வேட்டியை நான்தான் தலை முதல் கால் வரை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

அப்போது தெருவில் ஒப்பாரி கேட்டது.

ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து என் அம்மா, சித்தி, பெரியம்மா எல்லாம் தலைவிரி கோலமாக இறங்கினார்கள். வாசலில் பெஞ்சும் கட்டிலும் கிடந்ததைப் பார்த்ததுமே அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. துக்கத்துக்கு வருகிறவர்கள் முகம் பார்ப்பதில்லை, முதலில் கிடைத்த பொம்பளையைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது என் மாமியார்.

"மகராசி! என் பொண்ணை மக போல வெச்சிருந்தியே! ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே!" என்று என் மாமியாரின் தோளிலேயே சாய்ந்து, என் மாமியாருக்காக அம்மா அழுதாள்.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தி வீட்டில் ஏதோ நடந்துவிட்டது, கூட்டத்தில் என் அப்பாவைக் காணோம், அப்படியானால் அவர்தான் என்று முடிவு கட்டினார். அவரும் குரலெடுத்தார். "என் அண்ணே! மூட்டை மூட்டையா மல்லாட்டை அனுப்புவீங்களே அண்ணே! இனிமே யாரு அனுப்புவாங்க!"

அந்தக் குரல்தான் ஸ்டூல் மேல் நின்றிருந்த எனக்குக் கேட்டது.

என் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டை விழுந்தது. அப்பா போய்விட்டார். வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னவர் அந்தச் சொல்லோடே போய்விட்டார். ஒரு முறை, ஒரே ஒரு முறை நான் தனியாகவாவது போய்ப் பார்த்திருக்கலாமே. எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. "அப்பா!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

அப்பா டெம்போவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

பின்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பக்கம் வரவே இல்லை. உறையில் இருந்தது மாப்பிள்ளையின் கையெழுத்து. மாமியார் என்றால் ஆள் அனுப்பியிருப்பார்கள், மாப்பிள்ளையே எழுதினால் வேறு யார் என்று அவர் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். அதை வழியெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. உறையை ஏன் பிரிக்கவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "பிரிச்சா உள்ள பேரு இருக்குமேம்மா" என்றார்.

சுண்ணாம்பு முகத்தோடு ஓடிவந்த என்னைப் பார்த்தார். உச்சி முதல் கால் வரை பார்த்தார். "கொடி" என்று என் பெயரைச் சொன்னார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ரோடெல்லாம் ஒரே புழுதி" என்றார்.

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் துண்டெல்லாம் சுண்ணாம்பாயிற்று.

நடுக்கூடத்தில்

இதற்குள் பெஞ்சுப் பக்கம் அழுகை தடைப்பட்டது. அம்மா தலையை நிமிர்த்தி, தான் கட்டிப்பிடித்திருப்பது யார் என்று பார்த்துவிட்டாள்.

"சம்பந்தி! நீங்களா?"

"நான்தான். பின்ன யாரு?"

"அப்ப போனது யாரு?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்? நீங்க யாருக்கு அழுவுறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். எல்லோரும் இருக்கிறார்கள். பிறகு திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். காலியான கூடம். நடுவில் ஒரு பாய். பாய் மேல் தலை முதல் கால் வரை வெள்ளை வேட்டி போர்த்தி ஓர் ஆள்.

"ஐயோ மாப்ள!" என்று அம்மா போட்ட கூச்சலில் சொல்தா வீட்டு ஜன்னல் திறந்தது. பொம்பளைகள் அத்தனை பேரும் உள்ளே பாய்ந்தார்கள்.

"அம்மா, அம்மா! அவரு தூங்குறாரும்மா!"

"இந்தச் சத்தத்துலயா? பொய் சொல்லாதடி!"

சித்தி குனிந்து பயந்து பயந்து கால் கட்டைவிரலைத் தொட்டாள். வேட்டிக்குள் இருந்த கால் மற்றொரு காலைச் சொறிந்துகொண்டது.

அப்பா டெம்போ சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். அதற்குள் கருப்பு மூலை போட்ட உறை. எனக்கு அந்த வைக்கோல் காகிதத்தைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. வாசலுக்கு வெளியே நின்றபடியே பிரித்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"அன்புள்ள மாமாவுக்கு. பொங்கல் வாழ்த்து. தீபாவளிக்குத் தூங்கிட்டேன், தப்பு என்னுதுதான். பொங்கலுக்கு முழிச்சிருப்பேன். அவசியம் வாங்க. உங்க மாப்பிள்ளை சேகர்."

கீழே கிளிஞ்சல் சூரியன் ஒன்று, பாதி உடைந்து, பிரகாசமாக ஒட்டியிருந்தது.

எல்லோரும் கூடத்தின் நடுவில் கிடந்த வேட்டியைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து குறட்டை வந்தது. மறுபடியும் அதே தூக்கம், அதே வாசல், அதே மாமனார்.

"எழுப்பட்டுமாப்பா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றினார்.

"வாணாம். நைட்டெல்லாம் முழிச்சவரு. தூங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே படியேறி உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார வேறு சாமான் இல்லை, எல்லாம் தெருவில். அம்மா, பெரியம்மா, சித்தி என்று ஒவ்வொருவராக வந்து பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று யாரும் வாய் திறக்கவில்லை. மாமியார் மட்டும், பிணத்துக்குப் போர்த்த அம்மா கொண்டுவந்து மடியில் வைத்திருந்த கோடிப் புடவையை மெல்ல விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, "எனக்கா எடுத்தீங்க? நல்ல நெசவுதான். பச்சையில மாத்தித் தருவானான்னு கேளுங்க" என்று கிசுகிசுத்தார்.

நான் எல்லோருக்கும் டீ போட்டு வந்தபோது வேட்டி அசைந்தது. முகத்திலிருந்து விலகியது. இவர் கண்ணைத் திறந்தார். தலைக்கு மேல் தலைகீழாக மாமனார் முகம்.

"வாங்க மாமா" என்றார், படுத்தபடியே. பாதித் தூக்கத்தில் தானாக வந்தது அது.

"இருக்கேன் மாப்ள."

பிறகுதான் சுற்றிப் பார்த்தார். காலிக் கூடம். தலைவிரி கோலமாக, கண் சிவந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள். அம்மா மடியில் கோடித் துணி. தன் மேல் கிடந்த வெள்ளை வேட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, அசையாமல் படுத்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏ கொடி… போனது நானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா குனிந்து இவர் தோளைத் தட்டினார்.

"யாரும் போவல மாப்ள. நாங்கதான் வந்திருக்கோம்."